இருமலையும் சேர்த்துப் பாடிய பிள்ளை

அக்கா,

இன்று காலை எனக்காக மிளகாய் எரித்தார்கள். இரண்டாம் மாடியில். நெடி படிக்கட்டு வழியாக ஏறி, கதவிடுக்கால் உள்ளே வந்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் தொண்டையைப் பிடித்தது. செத்தல் மிளகாய், கல்லுப்பு, கொஞ்சம் வேப்பிலை. யாருடைய கண்ணுக்குப் பயந்து எரிக்கிறார்கள் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. போன கிழமை லிஃப்டுக்குக் காத்து நின்றபோது அந்த வீட்டுப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். "தங்கச்சி, மகன் பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறாரில்லை. ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்" என்றேன். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஓம் அக்கா, பாப்பம்" என்றாள். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். இதே கட்டடத்தில் நீங்கள் வந்து சொன்னபோது நான் அப்படிக்கூடச் சிரிக்கவில்லை.

ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றேன். கடல்பக்கம் ரெயில் ஒன்று போனது. பிறகு பேனையை எடுத்தேன். உங்களுக்கு நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு மாடி ஏறி வந்து சொல்ல முடியாதவள், நீங்கள் போன பிறகு கடிதம் எழுதுகிறேன். வெட்கம்கெட்ட வேலைதான். எழுதுகிறேன்.

நீங்கள் எங்கள் தலைக்கு மேலே நாலாம் மாடியில் தனியாக இருந்தீர்கள். அரச ஆஸ்பத்திரி ஒன்றில், சிறுபிள்ளைகளின் மனநலப் பிரிவில் உங்களுக்கு இலிகிதர் வேலை. பெயர் பதிவது, நம்பர் கொடுப்பது, பிறகு சிங்கள டொக்டர்மாருக்கும் தமிழ்த் தாய்மாருக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து மொழிபெயர்ப்பது. கடைசியாகச் சொன்னது உங்கள் வேலையே இல்லை. செய்ய ஆளில்லை என்பதற்காக இருபது வருடம் செய்தீர்கள். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்பது வாயைத் திறந்தவுடன் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் உங்களுக்குப் பெயர் மேல்வீட்டுத் தோட்டத்து மனிசி. இப்போது எழுதக் கூசுகிறது. அப்போது துளியும் கூசவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டை வாங்கிவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கழுத்து நீண்டுவிடும். படியில் நீங்கள் சாமான் பையோடு ஏறி வரும்போது நான் ஒதுங்கி வழிவிடுவேன். நீங்கள் அதை மரியாதை என்று நினைத்தீர்களோ தெரியாது. என் சேலையில் உங்கள் பை படக்கூடாது என்பதுதான் காரணம்.

என் மகள் மதுராவுக்கு அப்போது மூன்றரை வயது. அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை, ஏனென்றால் அவள் பாடினாள். கோயில் ஒலிபெருக்கியில் காலையில் போடுகிற தேவாரம் அவளுக்கு முழுப்பாடம். ஒரு பதிகம், பதினொரு பாட்டு, ஓர் எழுத்துப் பிசகாது. அம்மா என்று கூப்பிடாத பிள்ளை, பசிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, பதிகம் பாடுகிறது. கொஞ்சம் மூளையுள்ள தாய் பயந்திருப்பாள். நான் பாவாடை தைக்கக் கொடுத்தேன்.

என் கணவரின் தமக்கை, அதாவது என் மச்சாள், கோயில் மாதர் சபையில் பெரிய ஆள். அந்த வருட நவராத்திரிக்குக் கோயிலில் நடந்த வாணி விழாவில் மதுராவை மேடையேற்றியது அவதான். சிவப்புப் பட்டுப்பாவாடை, நெற்றியில் திருநீறு, கழுத்தில் மச்சாளின் சங்கிலி. மைக்கைக் கண்டதும் பிள்ளை அதன் வலையைத் தடவத் தொடங்கியது. தடவித் தடவி நின்றாள். பிறகு பாடினாள். மண்டபம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் நிறுத்தி, ஒரு வளர்ந்த ஆண் செருமுவதுபோலத் தொண்டையைச் செருமி, இரண்டு முறை இருமி, பிறகு மூன்றாவது பாட்டைத் தொடங்கினாள்.

ஒலிநாடாவில் பாடியவர் அந்த இடத்தில் இருமியிருக்கிறார். கோயிலில் தினமும் கேட்கிற எல்லாருக்கும் அது தெரியும். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "இருமலையும் விடேல்லைப் பாருங்கோ" என்றார் ஒருவர். "தெய்வப்பிறவி" என்றார் இன்னொருவர். கைதட்டு எழும்பினதும் மதுரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கீழே குந்திவிட்டாள். அதற்கும் அவர்களிடம் விளக்கம் இருந்தது. புகழ்ச்சி பிடிக்காத பிள்ளையாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன், பெருமையில். கடைசி வரிசையில் நீங்கள் இருந்தீர்கள். அந்த மண்டபத்தில் சிரிக்காமல் இருந்தது நீங்கள் ஒருவர்தான், அதைக் கவனித்த எனக்கு உங்கள் மேல் எரிச்சல் வந்தது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தீர்கள். மச்சாளும் இருந்தா. நான் உங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னேனா இல்லையா என்பது நினைவில்லை, சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் நிலத்தில் மதுராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அவள் போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் ஒன்றைத் தள்ளி வைத்தீர்கள், அவள் உங்களைப் பார்க்காமலே அதை இருந்த இடத்தில் வைத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் எழும்பி வந்து, என் கையைப் பிடித்து இழுத்துப் போய், ஃபிரிட்ஜ் கதவில் என் உள்ளங்கையை வைத்து, "தண்ணி வேணுமோ?" என்றாள். என் குரலில், என் இழுப்போடு.

"எனக்கு வேண்டாம் செல்லம்" என்று சொல்லிவிட்டு வந்து இருந்தேன். "பாத்தியளே, எனக்குத் தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறாள். என்ன மரியாதை" என்று உங்களுக்குப் பெருமையும் அடித்தேன்.

நீங்கள் எழும்பிப் போய் ஒரு கோப்பையில் தண்ணீர் வார்த்து அவளிடம் கொடுத்தீர்கள். அவள் மூச்சுவிடாமல் குடித்தாள். இரண்டாவது கோப்பையையும் குடித்தாள். அக்கா, அந்த வீட்டில் எத்தனை நாள் அந்தப் பிள்ளை தாகத்தோடு நின்று என்னிடம் அப்படிக் கேட்டிருக்கும், எத்தனை நாள் நான் வேண்டாம் செல்லம் என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருப்பேன். இதை நினைக்கும்போது எனக்கு அழுகை வருவதில்லை. என் முகத்தில் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

நீங்கள் அப்போது அடங்கின குரலில் சொன்னீர்கள். "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ள நல்லாத்தான் பாடுது. ஆனா அந்த இருமல ஏன் பாடுச்சுன்னு யோசிச்சீங்களா? அதுக்கு எது பாட்டு, எது இருமல்னு பிரிஞ்சு தெரியல. கதவத் தொறக்கணும்னா உங்க கைய எடுத்துட்டுப் போவுது. உங்க மூஞ்சியப் பாக்கல, கையத்தான் பாக்குது. எங்க கிளினிக்ல ஒருவாட்டி காட்டிரலாம்."

மச்சாளின் முகம் சுருங்கியது. என் வாய் திறந்தது. "உங்கடை ஆஸ்பத்திரிப் பிள்ளையளோடை இவளைச் சேர்க்காதேங்கோ" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "பிள்ளை வளர்த்தவைக்குத்தான் பிள்ளையின்ரை அருமை தெரியும். நீங்கள் ஒண்டை வளர்த்துப் பாத்தனீங்களே?"

புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் இருந்த ஒருவரிடம், அவருடைய கையில் என் பிள்ளை குடித்த கோப்பை இருக்கும்போதே கேட்டேன். நீங்கள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தீர்கள். "சரிம்மா. செவ்வாக்கெழமைக்கு நம்பர் எடுத்து வக்கிறேன். வந்தா வாங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனீர்கள்.

நீங்கள் போய்க் கதவு சாத்தின சத்தம் கேட்டதும் மச்சாள் சொன்னா, "மலடியின்ரை கண். இப்பவே கழிச்சு விடு." நான் அடுப்பைப் பற்றவைத்தேன். பழைய தாச்சியில் ஒரு பிடி மிளகாய். கண்பட்ட நாவூறு இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. அன்று கட்டடமே இருமியது. எங்கள் கணக்குப்படியே உங்கள் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை. அதைக்கூட நாங்கள் யோசிக்கவில்லை. மச்சாள் எழும்பிப் போய்ப் படிக்கட்டுப் பக்கக் கதவைத் திறந்துவிட்டா, புகை மேலே போகட்டும் என்று. நான் தடுக்கவில்லை. சந்தோஷப்பட்டேன். மேலே நீங்கள் இருமினது எனக்குக் கேட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் போகவில்லை. போகாமல் இருக்க எங்களிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மொன்டிசூரி நடத்துகிற பெண்மணி, மூன்று மொழி காதில் விழுவதால்தான் பிள்ளை குழம்புகிறது, இனி இங்கிலீஷ் மட்டும் கதையுங்கள் என்றா. இவர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தமிழ் நின்றது. தேவாரத்தைப் பிடித்தாவது தமிழுக்குள் வரப் பார்த்த பிள்ளையிடம் நாங்கள் கம், சிட், ஈட் என்று நாய்க்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தோம். சாத்திரி ஒருவர் குறிப்பைப் பார்த்துவிட்டு வாக்கில் சரஸ்வதி நிற்கிறாள், ஏழு வயதில் மடை திறந்தமாதிரிப் பேசுவாள் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக மச்சாளின் மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. "மாப்பிள்ளை வீட்டாக்களும் கொழும்புதான். அந்த ஆஸ்பத்திரி வாசல்லை உன்னை ஆரும் கண்டால் எங்கடை பரம்பரையிலை ஏதோ இருக்கெண்டு கதைப்பினம். இது முடியட்டும்" என்றா. அது முடியவில்லை. ஒரு பேச்சு முறிந்து இன்னொரு பேச்சு வந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக இன்னொரு பெண்ணை மூடி வைத்தோம், மீன்சட்டியைப் பூனைக்கு ஒளிப்பதுபோல.

இதற்கிடையில் வருடாவருடம் வாணி விழாவில் அவளைப் பாட வைத்தோம். கோட்டாஞ்சேனையில் ஒரு கோயிலிலும் கேட்டார்கள், அங்கும் கொண்டுபோனோம். அலுமாரியில் வெள்ளிக்கிண்ணங்கள் சேர்ந்தன. நீங்களும் நானும் மூன்றரை வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினோம். நான் முகத்தைத் திருப்புவேன். நீங்கள் மதுராவைப் பார்த்துத் தலையசைப்பீர்கள். அவள் பார்க்கமாட்டாள், தெரிந்தும் அசைப்பீர்கள்.

ஒரு வருடம் பிந்திச் சேர்த்த முதலாம் வகுப்பில் இரண்டாவது மாதம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். "இந்தப் பிள்ளைக்கு இங்கு சரிவராது" என்றார்கள். மேசைக்குக் கீழே போய் இருந்து பதிகம் பாடுகிறாளாம், நிறுத்தச் சொன்னால் ரீச்சரின் கையைக் கடிக்கிறாளாம். மச்சாளுக்குப் போன் எடுத்தேன். "நான் அப்பவே சொன்னனான், நேரத்தோடை காட்டுங்கோ எண்டு" என்றா. சத்தியமாக அப்படித்தான் சொன்னா.

கிளினிக்குக்குப் போனோம். நீங்கள் அதற்கு முந்தின வருடமே ஓய்வு பெற்றுவிட்டீர்கள் என்பது தெரியும், தெரிந்ததால்தான் போக முடிந்தது என்றும் சொல்ல வேண்டும். உங்கள் கதிரையில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்தாள், நல்ல தமிழ் பேசினாள். பெயர், விலாசம் கேட்டாள். சொன்னதும் பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து பழைய பதிவுப் புத்தகங்களை எடுத்து மேசையில் போட்டாள்.

மதுரா, வெள்ளவத்தை. உங்கள் உருண்டைக் கையெழுத்து. முதல் திகதி அந்தச் செவ்வாய்க்கிழமை. பக்கத்தில் சிவப்பு மையில், வரவில்லை. நாலு மாதம் கழித்து மறுபடி மதுரா, வெள்ளவத்தை. வரவில்லை. அடுத்த நாலு மாதம். அடுத்தது. நான் விரலை வைத்து எண்ணிக்கொண்டு போனேன், ஒன்பது. ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் பெயரை எழுதியிருக்கிறீர்கள், அன்று மாலை நீங்கள்தான் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிறகு பஸ் எடுத்து வந்து, என்னைக் கடந்து, படியேறிப் போயிருக்கிறீர்கள்.

"அக்கா போறப்ப என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க" என்றாள் அந்தப் பிள்ளை. "இந்த அம்மா என்னைக்காவது வருவாங்க. வந்தா ஏன் லேட்டுன்னு மட்டும் கேக்காதேன்னு."

அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். யாராவது என்னை நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

உள்ளே டொக்டர், அந்தச் சிங்களப் பிள்ளை மொழிபெயர்க்க, என்னிடம் கேள்வி கேட்டா. விரல் நீட்டிக் காட்டுவாளா, பொம்மைக்குச் சோறு தீத்தி விளையாடுவாளா, நீங்கள் அழுதால் வந்து பார்ப்பாளா. அங்கேயும் நான் பொய் சொன்னேன் அக்கா. ஓம், ஓம், சிலவேளை, ஓம். பரீட்சையில் பிள்ளைக்கு மார்க் குறைந்துவிடும் என்பதுபோல. அந்த டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு மதுராவை மட்டும் பார்க்கத் தொடங்கினா. ஒரு மணித்தியாலம் பார்த்தா. நிலத்தில் இருந்து பார்த்தா, உங்களைப் போல. பிறகு சொன்னா, ஓட்டிசம். பாட்டு பிழையில்லை, கேட்டதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வது இப்படிப்பட்ட சில பிள்ளைகள் மொழிக்குள் வருகிற வழி, ஆனால் அதைப் பிடித்து மெல்ல மெல்ல அவளுடைய சொந்தச் சொல்லுக்குக் கூட்டிவர ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றா. வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள் என்றா. "மூன்றரை வயதிலை வந்திருந்தால்?" என்று கேட்டேன். அவ, "இப்போது வந்திருக்கிறீர்கள், அதிலிருந்து பார்ப்போம்" என்றா. படித்த மனிதர்கள் ஒரு தாயின் கழுத்தை அறுக்காமல் இருக்கச் சொல்கிற வசனம் அது. எனக்கு விளங்கியது.

அன்று மாலையே மேலே வந்து உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். வரவில்லை. நீங்கள் அதற்குப் பிறகு பதினொரு மாதம் உயிரோடு இருந்தீர்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனது, வீட்டை விட்டு இறங்குவது நின்றது. இரண்டு தடவை உங்கள் கதவுவரை வந்தேன். ஒரு தடவை உள்ளே ரேடியோ கேட்டது, திரும்பிவிட்டேன். மற்றத் தடவை கேட்கவில்லை, அப்போதும் திரும்பிவிட்டேன். பேச்சுப் பயிற்சிக்கு அவளைக் கொண்டுபோவதில் நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அவலும் கடலையும் கட்டி இவரிடம் கொடுத்தனுப்பினேன். மன்னிப்புக் கேட்கப் புருஷனிடம் கடலை கொடுத்தனுப்பியவள் நான். இவர் திரும்பி வந்து சொன்னார், நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்களாம். "புள்ள தானா என்ன சொல்லுது?"

அப்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதனால் பதில் அனுப்பவில்லை.

நீங்கள் போன அன்று உங்கள் தம்பி மகன் ஹற்றனிலிருந்து வந்தார். ஊருக்குக் கொண்டுபோகுமுன் கீழ்த்தளத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். அப்போதுதான் உங்கள் கிளினிக்குக்கு வந்துபோன தாய்மார் வந்தார்கள். கோட்டாஞ்சேனை, வத்தளை, ஹெந்தளை, எங்கெங்கிருந்தெல்லாமோ. பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். ஒரு பெரிய பிள்ளை இரண்டு கையையும் உதறி உதறிக் குதித்தது. இன்னொன்று உம் என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டு சுவரைச் சுற்றியது. எங்கள் கட்டடத்துச் சனம் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனது, தொற்றிவிடும் என்பதுபோல. மச்சாளும் வந்தா, வெள்ளைச் சேலையில். "எனக்கு அவவிலை எப்பவும் நல்ல மதிப்பு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னா. நான் அங்கேயே அவவைக் கேட்டிருக்கலாம். சட்டியை அடுப்பில் வைத்தது நான், அவவைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது.

கோட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு தாய் என்னிடம் சொன்னாள். "நான் புள்ளயப் பத்திப் பெருமையா அள்ளி வுடுவேன். அக்கா அத டொக்டருக்கு மாத்திச் சொல்லாம என்னயத்தான் பாப்பாங்க. அம்மா, இங்க நல்ல பேரு வாங்க வரல, புள்ளைக்கு வழி கேக்க வந்திருக்கோம்னு சொல்லுவாங்க." அவள் அழவில்லை, கோபமாகச் சொன்னாள், உங்களை ஏன் கொண்டுபோகிறார்கள் என்பதுபோல. நீங்கள் யார் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுக்கத் தெரிந்தது. ஒரே கட்டடத்தில் பத்து வருடம் இருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்கிறேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணில் படுகிற பிள்ளையைப் பார்க்கிறேன், பார்த்தால் தாயிடம் சொல்கிறேன். உங்களைப் போல இதமாகச் சொல்ல எனக்கு வராது. எனக்கு நிலத்தில் உட்காரவும் முழங்கால் விடாது. முகத்தைச் சுளிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஒரு கிழவி தன் பேரனைச் சேலையால் மூடினாள். இரண்டாம் மாடிக்காரி மிளகாய் எரித்தாள். எரிக்கட்டும். ஒரு கிலோ வாங்கி எரிக்கட்டும். அடுத்த மாதமும் கேட்பேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மதுராவுக்கு இப்போது பன்னிரண்டு. சிறப்புப் பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். தண்ணி என்கிறாள், தா என்கிறாள், கை வேண்டியதில்லை, விரலால் காட்டுகிறாள். அதற்கே இரண்டு வருடம் எடுத்தது. போன மாதம் வாணி விழாவுக்குப் போனோம். மச்சாள் மைக்கோடு மேடையில் நின்றா. நாங்கள் உள்ளே வந்ததைக் கண்டதும், "எங்கடை மதுரா ஒரு தேவாரம் படிப்பா" என்று அறிவித்துவிட்டா, எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இறங்கி வந்து பிள்ளையின் தோளைப் பிடித்தா. "வாங்கோ செல்லம், மாமிக்காக ஒண்டு."

மதுரா அவவின் கையை எடுத்துத் தோளிலிருந்து கீழே விட்டாள். "பாட மாட்டன்" என்றாள்.

அக்கா, அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் குரல் இல்லை, ரீச்சரின் குரல் இல்லை, ஒலிநாடாவில் இருந்து வந்ததும் இல்லை. கொஞ்சம் கரகரத்த, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல். மச்சாள் மறுபடி கேட்டா. அவளும் மறுபடி, "மாட்டன். காது நோகுது" என்றாள்.

எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் குனிந்து கதைத்தார்கள். "பாவம், அந்த மாதிரிப் பாடின பிள்ளை. இப்ப பாருங்கோ, என்ன மாதிரி ஆயிட்டுது." மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில், இதுதான் உன்ரை வைத்தியமோ என்று இருந்தது. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து தன் வாயால் சொன்ன முதல் முழு நியாயத்தைக் கேட்டு ஒரு மண்டபமே அவளுக்காகப் பரிதாபப்பட்டது. எனக்கு அந்தச் சனத்தின் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். பிள்ளை தானாகச் சொல்கிறாள். வேண்டாம் என்கிறாள், நோகிறது என்கிறாள்.

இதோடு முடித்தால் நல்ல கடிதமாக இருக்கும். ஆனால் உங்களிடம் நல்ல பேர் வாங்க நான் எழுதவில்லை. அவள் "பாட மாட்டன்" என்று சொன்ன அந்த நொடியில், சனம் பார்க்கிறது என்று என் உடம்பு சுட்டது. என் கை தன்பாட்டில் அவளுடைய முழங்கைக்குப் பின்னால் போய், யாருக்கும் தெரியாமல் கிள்ளுவதற்கு இரண்டு விரலையும் சேர்த்துவிட்டது. கிள்ளவில்லை. விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டேன். ஆனால் போனது, அக்கா. இவ்வளவுக்கும் பிறகு போனது. அதை இவருக்குச் சொல்லவில்லை, டொக்டருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.